பச்சைப் பெயின்ட் அடித்த எஞ்சின்: ஒரு மொறிஸ் மைனர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பழைய கார் ஒன்றின் எஞ்சினைக் கழற்றித் திருத்தி, பெயின்ட் அடித்துத் திரும்பப் பூட்டிய பிறகு, முன்பு இல்லாத கோளாறுகள் தலைகாட்டுவது இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னிப் பக்கத்தில் அடிக்கடி நடக்கிறது. கார்க்காரர் முதலில் பற்றரியைச் சந்தேகிப்பார், பிறகு ஸ்ராட்டரை, பிறகு வயரிங்கை. பெயின்டை யாரும் சந்தேகிப்பதில்லை. அழகுக்கு அடித்தது, அது என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. கீழே எழுதுகிற நிகழ்வில் ஒரே காரில் பல கோளாறுகள் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து போனால் அநேகமாக எல்லாமே பெயின்ட் இருக்கக்கூடாத இடத்தில் இருந்த பெயின்டில் போய் நின்றன. எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது எந்த இடத்துக்கு அடிக்கக்கூடாது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

கார்

மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1960களின் நடுப்பகுதியில் வந்தது, ஸ்ரீ இலக்கத் தகடு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்தது. 1956இல் 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினைப் போட்டு அதை மைனர் 1000 ஆக்கினார்கள். 1962இல் அதே எஞ்சின் 1098 சிசி ஆனது. இந்தக் காரில் இருப்பது அந்த 1098. நாலு சிலிண்டர், வார்ப்பிரும்பு புளொக் (எஞ்சினின் உடம்பு), அதன் மேல் வார்ப்பிரும்பு ஹெட், பற்றரியைச் சார்ஜ் பண்ண லூக்காஸ் டைனமோ. பிளஸ் ஏர்த்: பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் பொடியோடு, அதாவது அதன் இரும்பு உடம்போடு, இணைகிறது. இன்றைய வாகனங்களில் பழகிய பொடியன்கள் இந்த ஒரு விஷயத்திலேயே குழம்பிப் போவார்கள்.

கார்ச் சொந்தக்காரர் முள்ளியவளைப் பக்கம், ஓய்வுபெற்ற ஆசிரியர். கார் அவருடைய தகப்பனார் வாங்கியது. 1990களில் வன்னிக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் இதுவும் மற்ற வாகனங்களைப் போல மண்ணெண்ணெயில் ஓடியது. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அன்றைய வழமை. கடைசி யுத்தக் காலத்தில் வவுனியாவில் உறவினர் வீட்டுக் கொட்டிலில் நின்றபடியால் தப்பியது. வன்னிக்குள்ளேயே நின்ற கார்களில் 2009க்குப் பிறகு உருப்படியாகக் கைக்கு வந்தவை மிகக் குறைவு. ஆகவே அவர் இந்தக் காரைப் பார்க்கிற பார்வை வேறு. எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னதும் அந்தப் பாசத்தில்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது கார் கொட்டிலில் கிடந்தது. பிறகு எடுத்தபோது ஹெட்டிலிருந்து தண்ணீர் கசிந்தது. ஒருநாள் வேறொரு இடத்தில் கொடுத்து எஞ்சினை வெளியே எடுத்து, வால்வு அரைத்து, கரி சுரண்டி, எல்லாப் பாகத்துக்கும் பெயின்ட் அடித்தார்கள். அடித்தவர் கைதேர்ந்தவர் என்பது பார்த்தாலே தெரியும். மொறிஸைத் தயாரித்த பிஎம்சி நிறுவனத்தின் எஞ்சினுக்கு உரிய அந்தக் கரும்பச்சை, ஒரு வழிசலோ தூசியோ இல்லை. பிரைமர், அதற்கு மேல் இரண்டு கோட் சிந்தெற்றிக் எனாமல், அதற்கு மேல் லக்கர். புளொக், ஹெட், அதன் மேல் மூடியான ரப்பெட் கவர், பக்கக் கவர்கள், தண்ணீர்ப் பம்பு, பிராக்கெட்டுகள், டைனமோ, ஸ்ராட்டர், மனிபோல்ட் என்று ஒன்றும் மிச்சமில்லை. எல்லாவற்றையும் தனித்தனியாகக் கம்பியில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் அடித்திருந்தார்கள்.

அடித்தது கார்த்திகை மழைக்குள். வன்னியில் அந்த மாதம் துணியே காயாது, எனாமல் எப்படிக் காயும்? தொட்டால் ஒட்டாது, ஆனால் அடிக்கோட் காயாமலே இருக்கும். தை மாதம் வீட்டில் கலியாணம், மாப்பிள்ளை இந்தக் காரில்தான் போக வேண்டும் என்று அவசரம். அதற்குள் பூட்டினார்கள். கலியாணத்துக்கு வேறு கார் பிடிக்க வேண்டி வந்தது.

வந்தபோது இருந்த நிலை

கிளிநொச்சியிலுள்ள எங்கள் கராஜுக்குக் காரைக் கயிறு கட்டித்தான் கொண்டுவந்தார்கள். சொந்தக்காரர் சொன்னது இது:

“தம்பி, பற்றரி புதுசு. பூட்டின நாளில இருந்து ஸ்ராட்டர் இழுக்குதில்லை. ஒருக்கால் பிடிச்சா ஓடும், ஆனா சார்ஜ் லைற் நூரவே நூராது. எண்ணெய் லைற் மட்டும் பிரச்சினை இல்லை, அது பத்துறதே இல்லை.”

அந்தக் கடைசி வசனத்தில் நான் நிமிர்ந்தேன். சாவியைத் திருப்பி, எஞ்சின் ஓடாமல் இருக்கும்போது எண்ணெய் அமுக்க லைற் கட்டாயம் பத்த வேண்டும். பத்தாவிட்டால் ஓடும்போது எண்ணெய் இல்லாமல் போனாலும் அது சொல்லப் போவதில்லை. மைனரில் எண்ணெய்க்கு மீற்றர் கிடையாது, வெப்பத்துக்கும் கிடையாது. இருக்கிற ஒரே காவல் அந்தச் சின்ன லைற்தான்.

அவர் சொல்லாமல் நாங்கள் கண்டவை வேறு. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவே, பின் மூலையில், பச்சைப் பெயின்டின் மேல் துருநிறத்தில் ஒரு தண்ணீர்க் கோடு. பெல்ட் தொய்ந்து டைனமோ சரிந்திருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் கிளச்சை மூடியிருக்கும் கிளச் வீட்டுக்குக் கீழே எண்ணெய் சொட்டியது. காபரேட்டருக்குக் கீழே பெயின்ட் சுருங்கித் தோலாக எழும்பியிருந்தது, பெற்றோல் பட்ட இடம். பிளக் பக்கத்தில் விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழுந்தது. அடித்து இரண்டு மாதம் கழிந்தும் அந்த நிலை.

ஒருமுறை ஸ்ராட் பண்ணிப் பார்த்தோம். ஸ்ராட்டர் முக்கி முக்கி அரைச்சுற்றுச் சுற்றியது. அந்த நேரத்தில் டாஷ்போட் பக்கமிருந்து பிளாஸ்ரிக் கருகும் மணம். டாஷ்போட்டிலிருந்து காபரேட்டருக்குப் போகும் சோக் கேபிளைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு.

மின்சாரம் எந்த வழியாகப் போனது

சோக் கேபிள் சூடானால் வேறு இடம் தேட வேண்டாம். எஞ்சினுக்கும் பொடிக்கும் இடையில் ஏர்த் இல்லை என்பதுதான் அதன் பொருள். எஞ்சின் நிற்பது ரப்பர் மவுண்டுகளில், அவை மின்சாரம் கடத்தாது. எஞ்சினையும் பொடியையும் ஒரு பின்னல் செப்புப் பட்டி இணைக்கிறது. ஸ்ராட்டர் இழுக்கும் முழு மின்சாரமும் அதன் வழியாகத்தான் பற்றரிக்குத் திரும்ப வேண்டும். அந்த வழி அடைத்தால் மின்சாரம் கிடைக்கிற வழியால் போகும். சோக் கேபிள், அக்சலேற்றர்க் கம்பி போன்றவைதான் எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் மற்ற உலோகங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னர் பார்த்தவர்கள் மீற்றரை ஓமில் வைத்து எல்லா ஏர்த்தையும் சோதித்து, “எல்லாம் சரி” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, மீற்றர் அப்படித்தான் காட்டும். ஸ்ராட்டர் 150 அம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் போய்விடும். சாதாரண மீற்றரின் வயர்களிலேயே அதைவிடக் கூடுதலான தடை இருக்கிறது, அது எப்படி 0.02ஐப் பிரித்துக் காட்டும்? ஸ்ராட்டரின் ஏர்த்தை ஓமில் அளப்பதில் பயனில்லை. சுமை ஓடும்போது வோல்ட் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தோம். ஓய்வில் பற்றரி 12.6 வோல்ட். ஸ்ராட்டர் இழுக்கும்போது பற்றரி முனைகளில் 10.9. அதே நேரம் ஸ்ராட்டரின் முனைக்கும் அதன் உடம்புக்கும் இடையில் 7.6தான். ஆக 3.3 வோல்ட் வழியில் தொலைகிறது. பற்றரி மைனஸிலிருந்து ஸ்ராட்டர் முனை வரை 0.4, பழைய காருக்கு அது பரவாயில்லை. மிச்சம் 2.9 முழுவதும் திரும்பி வரும் பாதையில். அதையும் துண்டு துண்டாக அளந்தோம்: ஸ்ராட்டர் உடம்பிலிருந்து புளொக்குக்கு 0.9, புளொக்கிலிருந்து பொடிக்கு 1.9, பொடியிலிருந்து பற்றரி பிளஸுக்கு 0.1. பிளஸ் ஏர்த் கார் என்பதால் மீற்றரின் வயர்களைப் பழக்கத்தில் வைத்தால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும். அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அளவுதான் முக்கியம்.

பின்னல் பட்டியைக் கழற்றினோம். பட்டி புதிது, நல்ல தடிப்பு. அது உட்காரும் இடத்தில் பிரைமர், பச்சை, லக்கர் என எல்லாப் படையும் இருந்தது. போல்ட்டின் தலைக்குக் கீழேயும் பெயின்ட். மின்சாரம் போனது போல்ட்டின் மரையில் பெயின்ட் உரிந்த சில இடங்களால் மட்டும். அந்த மரையின் நிறமே சூட்டில் மாறிப் போயிருந்தது.

ஸ்ராட்டரிலும் அதே கதை. அதன் முன் விளிம்பு எஞ்சினின் பின்தட்டில் முகத்தோடு முகம் உட்கார்ந்து, அந்த முகத்தால்தான் ஏர்த் எடுக்கிறது. விளிம்பிலும் பெயின்ட், தட்டிலும் பெயின்ட். டைனமோ முன்னால் தண்ணீர்ப் பம்பின் காதிலும் பின்னால் பிராக்கெட்டிலும் நிற்கிறது. அதற்குத் தனி ஏர்த் வயர் கிடையாது. உள்ளே காந்தத்தை உண்டாக்கும் பீல்ட் கொயிலுக்கும் அதன் உடம்புதான் ஏர்த். அந்த உடம்பு பெயின்டுக்குள் தனித்துப் போனால் சார்ஜ் லைற் எப்படி நூரும்? எஞ்சினை நடுவேகத்தில் ஓடவிட்டு டைனமோ உடம்புக்கும் பற்றரி பிளஸுக்கும் இடையில் அளந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அங்கே கிட்டத்தட்ட ஒன்றுமே காட்டக்கூடாது.

எண்ணெய் சுவிட்சுக்கு ஒரே ஒரு வயர்தான். அதன் மற்றத் தொடுப்பு புளொக்கில் திருகிய மரை. துளைக்குள் பெயின்ட் போயிருந்தது, அதற்கு மேல் கசியாமல் இருக்க வெள்ளை ரேப்பைப் பல சுற்றுச் சுற்றித் திருகியிருந்தார்கள். உலோகம் உலோகத்தைத் தொடவேயில்லை. மரையைத் துலக்கி, ரேப் இல்லாமல் பூட்டியதும் சாவியைத் திருப்பியவுடன் லைற் பத்தியது. சொந்தக்காரர் முதலில் திடுக்கிட்டார், ஏதோ பழுதாக்கிவிட்டோம் என்று. விளக்கம் சொன்ன பிறகுதான் ஆறினார்.

எல்லாப் பாகத்துக்கும் இப்படி வெறும் உலோகம் தேவையில்லை. இக்னிஷன் கொயிலின் பிராக்கெட்டுக்கு ஏர்த் வேண்டாம், அது பெயின்டோடு இருந்தால் ஒன்றும் ஆகாது. எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் அழகு போகாமல் வேலை செய்யலாம்.

வேறொரு வழியும் சொல்வார்கள்: பெயின்டைச் சுரண்டாமல் ஸ்ராட்டரிலிருந்தும் டைனமோவிலிருந்தும் பொடிக்கு மேலதிகமாக ஒவ்வொரு ஏர்த் வயர் இழுத்துவிடுவது. எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த முகங்களில் பெயின்ட் இருக்கிறவரை மற்றக் கேடு ஒன்று காத்திருக்கிறது. அதை ஹெட்டில் பார்த்தோம்.

ஹெட்டின் ஒன்பது நட்டுகள்

இந்த எஞ்சினின் ஹெட்டை ஒன்பது நட்டுகள் பிடிக்கின்றன. நாலு ரப்பெட் கவருக்குள்ளே, ரொக்கர் நிற்கும் தாங்கிகளின் மேல். ஐந்து வெளியே, பிளக் பக்கத்தில். குளிர்ந்த எஞ்சினில், வைத்த விசை வந்ததும் டிக் என்று சொல்லும் டோர்க் ரென்ச்சை 40 இறாத்தல்-அடியில் வைத்து, இறுக்கும் திசையில் ஒவ்வொன்றாக மெல்லப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே இருந்த நாலும் அசையாமல் டிக் என்றன. வெளியே இருந்த ஐந்தும் டிக் சொல்வதற்கு முன் சுற்றின. ஒன்று கால் சுற்றுக்கு மேல் போனது.

உள்ளே இருந்த நாலுக்கும் கீழே பெயின்ட் இல்லை, அது எண்ணெய் படும் இடம், அங்கே யாரும் அடிக்கவில்லை. வெளியே இருந்த ஐந்தின் வாஷர்களுக்குக் கீழே எல்லாப் படையும் இருந்தது. ஒரே ஆள், ஒரே ரென்ச், ஒரே நாளில் இறுக்கியது. வித்தியாசம் பெயின்ட் மட்டும். இதைவிட நல்ல சாட்சி நான் எங்கே தேட?

ஏன் இப்படி நடக்கிறது என்பதைக் கணக்காகவே சொல்லலாம். நட்டை இறுக்கும்போது அது ஏறியிருக்கும் மரைக்கம்பி, அதாவது ஸ்ரட், ரப்பர் பட்டியைப் போல மிகச் சிறிதளவு நீள்கிறது. அந்த நீட்சி திரும்பி இழுப்பதால்தான் ஹெட் புளொக்கோடு அழுந்தி நிற்கிறது. முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலத் தடிப்புள்ள இந்த ஸ்ரட்டை 40 இறாத்தல்-அடியில் இறுக்கினால் ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் நீளும். பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் லக்கரும் சேர்ந்தால் 0.1 மில்லிமீற்றர் சாதாரணமாக வந்துவிடும். எஞ்சின் சூடேறும்போது, அதுவும் சரியாகக் காயாத பெயின்ட் என்றால், வாஷருக்குக் கீழேயிருந்து நசுங்கி வெளியே பிதுங்கும். 0.15 நீட்சியில் 0.1 போனால் ஹெட்டைப் பிடிக்கும் பலம் மூன்றில் ஒன்றாகிவிடும். இறுக்கியவர் சரியாகத்தான் இறுக்கியிருக்கிறார். அவர் இறுக்கியது பெயின்டை.

ஒரு வாஷரைத் தூக்கிப் பார்த்தால் அதைச் சுற்றிப் பெயின்ட் ஒரு மெல்லிய வரம்பாக எழும்பி நின்றது, நடுவில் தோலளவு மட்டும் மிச்சம். டைனமோ சரிந்ததற்கும் காரணம் இதுவே. பிராக்கெட் போல்ட்டுகளுக்குக் கீழேயிருந்த பெயின்ட் நசுங்கி, போல்ட் தளர்ந்து, அதிர்வில் பெல்ட் தொய்ந்துவிட்டது. ஏர்த் வயர் மட்டும் கூட்டியிருந்தால் சார்ஜ் லைற் நூர்ந்திருக்கும், டைனமோ ஒருநாள் ஏ9 வீதியில் விழுந்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றினோம். புளொக்கின் முகத்தைப் பெயின்ட் அடிக்கும்போது ரேப் ஒட்டி மூடியிருக்கிறார்கள், ஆனால் ரேப்பை விளிம்புக்குச் சற்று உள்ளே வெட்டியிருக்கிறார்கள். அதனால் முகத்தின் ஓரம் முழுக்க மூன்று நாலு மில்லிமீற்றர் அகலத்தில் பச்சை வரம்பு. ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் கசியாமல் இருக்க வைக்கும் கஸ்கட் அந்த வரம்பின் மேல் ஏறி உட்கார்ந்து, நடுவில் அழுந்தாமல் விட்டிருக்கிறது. கசிவு பின் மூலையில் இருந்தது. கஸ்கட்டைத் தூக்கும்போது பச்சை வரம்பு அதோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது.

மற்றவை

கிளச் வீட்டில் எண்ணெய் சொட்டியதற்குப் பெயின்ட் நேரடிக் காரணமில்லை, பெயின்ட் வேலைதான் காரணம். பக்கக் கவரில் எஞ்சினின் மூச்சுக்குழாய் இருக்கிறது. அடிக்கும்போது பெயின்ட் உள்ளே போகாமல் இருக்க அதற்குள் திணித்த துணி அப்படியே இருந்தது. பிஸ்டன்களைத் தாண்டி வரும் காற்று வெளியேற வழியில்லை. இந்த எஞ்சினின் பின் முனையில் ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயை உள்ளே திருப்பி விடும் ஒரு மரைதான் இருக்கிறது. உள்ளே அமுக்கம் ஏறினால் அந்த மரையால் எண்ணெயைத் தடுக்க முடியாது. துணியை எடுத்தோம்.

எக்ஸோஸ்ட் மனிபோல்டில் அடித்த பச்சை எரிந்து கரியாகிவிட்டது. சாதாரண எனாமல் அந்தச் சூட்டுக்கு நிற்காது. வெறுமனே விடலாம், அல்லது அதற்கென்று விற்கும் வெப்பப் பெயின்டை அடிக்கலாம். ரப்பெட் கவரின் கோர்க் கஸ்கட் காயாத பெயின்டில் ஒட்டிப் பிய்ந்திருந்தது, மாற்றினோம்.

திரும்பப் பூட்டியது

முழு எஞ்சினுக்கும் திரும்பப் பெயின்ட் அடிப்பதா என்று யோசித்து, வேண்டாமென்று முடிவெடுத்தோம். வெளி முகங்கள் அழகாகவே இருந்தன. கழற்றியவற்றைத் தகரக் கூரைக்குக் கீழே, மாசி வெயிலின் சூட்டில் நன்றாகக் காயவிட்டோம். நகத்தடம் விழாத நிலை வரும்வரை ஒன்றையும் பூட்டவில்லை. பொறுமைதான் இந்த வேலையில் மிகக் கஷ்டமான பகுதி. சொந்தக்காரர் ஒவ்வொரு வாரமும் வந்து பார்த்துவிட்டுப் போவார். “ஐயா, இன்னும் ஒரு கிழமை விடுங்கோ” என்று சொன்னால் ஒரு சொல்லும் பேசாமல் போவார்.

பெயின்டை எடுக்கும் இடங்களை முதலில் அடையாளம் வைத்தோம். நட்டோ போல்ட் தலையோ வாஷரோ உட்காரும் ஒவ்வொரு இடத்திலும், வாஷரைவிடச் சற்றே பெரிய வட்டம். ஸ்ராட்டரின் விளிம்பும் அதன் தட்டும். டைனமோவின் காதுகள், பிராக்கெட்டின் இரண்டு பக்கமும். ஏர்த் பட்டி உட்காரும் இடம். கஸ்கட் படும் எல்லா முகமும், விளிம்பு வரை. வட்டங்களை வாஷரை வைத்து ஊசியால் கீறி, அதற்குள் மட்டும் தின்னர் பூசிய துணியால் ஊறவைத்துச் சுரண்டினால் ஓரம் உடையாது. கிரைண்டரில் கம்பிப் பிரஷ் போட்டால் வேலை சுளுவாக முடியும், ஆனால் சுற்றியிருக்கும் பெயின்டும் பிய்ந்து போகும். கஸ்கட் முகங்களில் கிரைண்டரைக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

மரைகளுக்கு ரப் (மரை வெட்டும் கருவி) விட்டுத் துலக்கினோம். பெயின்ட் அடைத்த மரையில் நட்டை இறுக்கினால் ரென்ச் 40 காட்டும், ஆனால் அதில் பாதி பெயின்டோடு மல்லுக்கட்டியதாக இருக்கும். இந்த எஞ்சினின் மரைகள் பெரும்பாலும் யுஎன்எஃப், யுஎன்சி என்கிற அங்குல அளவு மரைகள். கையில் இருக்கிற மில்லிமீற்றர் ரப்பைத் திணித்தால் புளொக்கே கெட்டுவிடும். வன்னியில் யுஎன்எஃப் சாமான் கிடைக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மாசி பேர்கசன் 135 உழுகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, உழவு இயந்திரத்தின் மரைகளும் அவைதான். உதிரிப்பாகக் கடையில் ஸ்பிரிங் வாஷர், நட் எல்லாம் எடுத்தோம். ஹெட் நட்டுக்கு மட்டும் கண்டதை வாங்காமல் பழைய நட்டுகளையே துலக்கிப் போட்டோம், தடித்த தட்டை வாஷரோடு.

ஏர்த் இணைப்புகளில் பல் வைத்த வாஷர், இறுக்கிய பிறகு மேலே வசலின். வசலினை முதலில் அப்பிவிட்டுப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் முதலில் உலோகத்தை உலோகத்தோடு இறுக்குவேன், ஈரம் போகாமல் பிறகுதான் மூடுவேன். ஹெட்டை நடுவிலிருந்து வெளியே போகும் ஒழுங்கில், மூன்று தரமாக ஏற்றி 40க்குக் கொண்டுவந்தோம். வால்வு இடைவெளி குளிரில் 0.012 அங்குலம்.

எல்லாம் இறுகிய பிறகு, வாஷர்களைச் சுற்றித் தெரிந்த வெறும் இரும்பின் மேல் சின்னப் பிரஷால் அதே பச்சையைத் தொட்டுவிட்டோம். இதைத் தவிர்க்கக் கூடாது. முள்ளியவளைக்கு வரும் கடற்காற்றில் வெறும் வார்ப்பிரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் இறுக்கு, பிறகு மேலே பூசு: அந்த ஒழுங்கில் செய்தால் அடியில் நசுங்க ஒன்றுமிருக்காது.

ஓட்டிப் பார்த்தது

முதல் முறையிலேயே பிடித்தது. இழுக்கும்போது ஸ்ராட்டர் உடம்பிலிருந்து பற்றரி பிளஸ் வரை 0.2 வோல்ட்டுக்குள். சோக் கேபிள் குளிராகவே இருந்தது. சார்ஜ் லைற் வேகம் ஏற்றியதும் நூர்ந்தது. முறிகண்டிப் பிள்ளையாரடி வரை ஓட்டிப்போய், சொந்தக்காரர் தேங்காய் அடித்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். ஹெட்டின் பின் மூலை காய்ந்திருந்தது.

அடுத்த நாள் காலை, குளிரில், ஒன்பது நட்டையும் திரும்பப் பார்த்தோம். புதுக் கஸ்கட் சற்று அமர்வது வழமை, எல்லாமே ஒரு சிறிதளவு ஏறின. இந்த முறை உள் நட்டுக்கும் வெளி நட்டுக்கும் வித்தியாசம் இருக்கவில்லை. நட்டைத் தொட்டால் வால்வு இடைவெளி மாறும், அதையும் திரும்ப வைத்தோம்.

கிளச் வீட்டின் சொட்டு வெகுவாகக் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை. அந்தப் பின் மரை இத்தனை வருட ஓட்டத்துக்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் விடும். அதற்காக எஞ்சினை இன்னொருமுறை இறக்க வேண்டாமென்று சொன்னோம். மனிபோல்டின் எரிந்த பச்சையை அவர் சுரண்டச் சொல்லிவிட்டார். வெப்பப் பெயின்ட் கொழும்பிலிருந்து வரும்வரை அது வெறும் இரும்பாகவே இருக்கிறது. 500 கிலோமீற்றர் ஓடியதும் ஹெட் நட்டையும் டைனமோ போல்ட்டுகளையும் இன்னொருமுறை பார்க்க வரச் சொல்லியிருக்கிறோம்.